கால் பங்காகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா?

கார்த்திகை மாதம் பிறந்ததும் சங்கரன்கோவிலில் தேநீர்க் கடைகளின் முகமே மாறிவிடும். கருப்பு வேட்டியும் துளசி மாலையுமாக விடியற்காலையில் வந்து நிற்பவர்கள் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். கடை முகப்பில் ஆணியில் தொங்கும் பீடிக் கட்டுகளை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆமா சார், கார்த்திகை ஒண்ணுல இருந்து பீடி பாதிதான் ஓடும். மாலையைக் கழட்டுன அன்னைக்கே எல்லாரும் திரும்ப வந்துருவாவ" என்றார்.

"நீங்க மாலை போடலையா அண்ணாச்சி?"

"அஞ்சு வருசம் போட்டிருக்கேன் சார். அஞ்சு வருசமும் நாப்பத்தோரு நாள் பீடியைத் தொடல. நாப்பத்திரெண்டாவது நாள் தொட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டு சொன்னாலும் இது சாதாரணக் கேள்வி அல்ல. நாற்பத்தொரு நாட்கள் ஒரு பழக்கத்தை ஒரேயடியாக விட்டிருக்க முடிந்தவருக்கு நாற்பத்திரண்டாம் நாள் என்ன ஆகிறது? ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாகக் குறைத்திருந்தால் பழக்கம் போயிருக்குமா? குடிக்கும் இதே கணக்குத்தானா?

மதுவையும் புகையையும் விட ஆயுர்வேதத்தில் வழி இருக்கிறதாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களில் சிலர் தந்தைக்காகக் கேட்கிறார்கள் என்பது அவர்கள் கேட்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நான் மருத்துவன் அல்லன். இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். ஆனால் ஒரு பொருள் காலத்தோடு எப்படிக் குறைகிறது என்பது எங்கள் பாடத்தில் வருவதுதான். இந்தக் கேள்வியில் பாதி அந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

கால் பங்கு விதி

ஆயுர்வேத நூல்களில் இதற்கு நேராகப் பொருந்தும் விதி ஒன்று உண்டு. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஏழாம் அத்தியாயத்திலும், பின்னால் வந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் அதைக் காணலாம். மதுவுக்கென்றோ புகைக்கென்றோ தனியாகச் சொன்னதல்ல. பழகிப்போன எந்தத் தீய உணவையும் வழக்கத்தையும் விடுவதற்கான பொது விதி. பழகியதைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே நோய் வரும். ஆகவே பாதம் பாதமாக, அதாவது கால் கால் பங்காக விட வேண்டும் என்பது அதன் சாரம்.

உரையாசிரியர்கள் இந்தப் பங்குகளைப் பலவிதமாகக் கணக்கிடுகிறார்கள். எளிய ஒரு வகையைச் சொல்கிறேன். பழகிய அளவை நான்கு பங்காக்கி, முதலில் ஒரு பங்கை நீக்கிவிட்டு ஒரு நாள் அப்படியே இருக்க வேண்டும். பிறகு இரண்டாம் பங்கை நீக்கி இரண்டு நாள். மூன்றாம் பங்கை நீக்கி மூன்று நாள். அதன்பின் மிச்சத்தையும் விட்டுவிடலாம். கால் பங்கு தாங்காதவருக்கு வாக்படர் இன்னொரு சலுகை தருகிறார்: காலில் கால். நம் பழைய வாய்ப்பாட்டில் இதற்கு மாகாணி என்று பெயர். பதினாறில் ஒரு பங்கு.

இந்த விதியின் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கால் பங்கு தீயதை எடுக்கும்போதும் அந்த இடத்தில் கால் பங்கு நல்லதை வைக்க வேண்டும் என்றும் நூல் சொல்கிறது. இடத்தைக் காலியாக விடச் சொல்லவில்லை.

இதற்கு அடிப்படையாக ஓக சாத்மியம் என்ற கருத்து இருக்கிறது. கெடுதலான பொருளாக இருந்தாலும் நாள்பட்ட பழக்கத்தால் உடம்பு அதற்கு இசைந்து, அதைத் தன் நிலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொள்கிறது என்பது இதன் பொருள். சரகருக்கு நரம்பணுக்களின் இரசாயனம் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் மேடைப் பேச்சுகள் எனக்குப் பிடிப்பதில்லை. நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தவர்கள் எழுதிய விதி இது. அதை இன்று நாம் அளந்து பார்க்கலாம்.

டிக்கெட் கவுண்டரும் ஓட்டைப் பானையும்

முதலில் மது. கடைகளில் குவாட்டர் என்று கேட்டு வாங்கும் புட்டி 180 மில்லி லிட்டர். (அதுவும் ஒரு கால் பங்குதான்!) பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்ககால். பெருக்கிப் பார்த்தால் 77 மில்லி லிட்டர்; அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவாகையால் எடை சுமார் 61 கிராம். நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரை ஆல்ககாலைச் சிதைக்கும். 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தது முழுவதும் தீர ஏழரை மணி நேரம், அதாவது விடியற்காலை நாலரை மணி ஆகிவிடும். நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் இது சற்று வேகமாகவே நடக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, குடித்த அளவு எவ்வளவாக இருந்தாலும் மணிக்கு மணி வெளியேறும் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை என்பதுதான். கொட்டகையில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் இருந்தால், வெளியே ஐம்பது பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும் நிமிஷத்துக்கு இத்தனை டிக்கெட் என்பது மாறாதல்லவா? ஈரலில் ஆல்ககாலைச் சிதைக்கும் நொதி அந்தக் கவுண்டரைப் போன்றது. குளிர்ந்த நீரில் குளித்தாலும் மோர் குடித்தாலும் இரண்டாவது கவுண்டர் திறப்பதில்லை.

நிகோட்டின் கதை வேறு. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஒரு மில்லி கிராம் அல்லது சற்றுக் கூடுதல். ஒரு குவாட்டரில் உள்ள ஆல்ககாலோடு ஒப்பிட்டால் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய கூட்டத்துக்குக் கவுண்டரில் நெரிசல் ஏற்படுவதே இல்லை. ஆகவே இது அடியில் ஓட்டை உள்ள பானையில் நீர் வடிவதைப் போன்றது. நிறைய இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் வெளியேறும். கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் கணக்கேதான். நிகோட்டினுக்கு அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். இரவு பத்து மணிக்குக் கடைசிப் பீடியை அணைத்துவிட்டுப் படுத்தவருக்குப் பன்னிரண்டு மணிக்கு அரை, இரண்டு மணிக்குக் கால், நான்கு மணிக்கு அரைக்கால், ஆறு மணிக்கு மாகாணி. ஒவ்வோர் இரவும் தூக்கத்திலேயே வாக்படரின் மாகாணி வரை அவர் இறங்கிவிடுகிறார்! எழுந்தவுடன் கை பீடியைத் தேடுவது அதனால்தான். ஒருவர் எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறார் என்று அறிய மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வியும் இதுவே: கண் விழித்த எத்தனையாவது நிமிஷத்தில் முதல் பீடி? ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் பிடி மிக இறுக்கம்.

கயிற்றை விட்டுவிட்டால்

குடிப்பவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் செய்தியை காபா என்ற இரசாயனமும், தூண்டிவிடும் செய்தியை குளுட்டமேட் என்ற இரசாயனமும் கொண்டு செல்கின்றன. ஆல்ககால் அடக்கும் பக்கத்துக்கு ஆள் சேர்த்து இழுக்கிறது. மூளை சும்மா இருக்குமா? நிலை குலையாமல் இருக்க, மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் தூண்டும் பக்கத்தைப் பலப்படுத்திக்கொண்டே வருகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் முழுப் பலத்துடன் இழுக்கும்போது கயிறு அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு அமைதி; உள்ளே பெரும் இழுவிசை. பெருங்குடியர் காலையில் ஒரு வாய் குடித்ததும் கை நடுக்கம் நின்று நிதானமாகத் தெரிவது இப்படிப்பட்ட அமைதி.

இப்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால்? மறு பக்கத்தார் மல்லாந்து விழுவார்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் பிதற்றலும், இல்லாத உருவங்களைக் காண்பதும் கேட்பதுமான நிலை வரும். இது உயிருக்கே உலை வைக்கக் கூடிய நிலை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் குடியை மறக்கக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. மாலை போடுவதும் அப்படியே. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக் குறித்து, பத்துப் பேர் அறிய, இன்று முதல் தொட மாட்டேன் என்று சொல்வதில் பெரும் பலம் இருக்கிறது. ஆனால் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் கயிறு கட்டிய மூன்றாம் நாள் பிதற்றினால், வீட்டார் அதைச் சாமி குற்றம் என்றோ, பேய் என்றோ எண்ணி விபூதி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மணிக் கணக்கில் காலம் முக்கியம். நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், நாள்தோறும் குடிப்பவர், வயதானவர், ஈரல் கோளாறு உள்ளவர் ஆகியோர் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்? மூளையில் ஆல்ககால் இழுக்கும் அதே பக்கத்தில் நின்று இழுக்கும் வேறொரு மருந்தை, டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு போன்றதை, அளவாகக் கொடுத்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். குடியர்களிடம் தயாமின் என்ற பி-1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். மூளை நிலையாகக் கெட்டுவிடாமல் இருக்க அதையும் முதலிலேயே செலுத்துகிறார்கள். கால் காலாகக் குறைப்பது, எடுத்த இடத்தில் நல்லதை வைப்பது என்ற பழைய விதியின் இரண்டு பாதிகளும் இங்கே இருக்கின்றன. சரகரும் சிகிச்சா ஸ்தானத்தின் இருபத்து நான்காம் அத்தியாயத்தில், முறை தவறிக் குடித்ததால் வரும் மதாத்யயம் என்ற நோய்க்கு முறையான அளவில் மதுவையே மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார். மற்றவை பலிக்காதபோது மதுவை நிறுத்திவிட்டுப் பால் கொடுக்கச் சொல்கிறார். கோடையில் காய்ந்த மரத்துக்கு மழை எப்படியோ அப்படி என்று அதற்கு உவமையும் சொல்கிறார். குடியை நிறுத்தியவர் மறுபடி திடீரென்று மிதமிஞ்சிக் குடித்தால் வரும் கோளாறுகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சத்தம் பொறுக்காமை அதன் ஓர் அடையாளம் என்று எழுதியிருக்கிறார். பெருங்குடியர் இருக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் மதுவையே மருந்தாக்கும் அந்த முறையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குவாட்டரைத் தானே நான்காகப் பிரித்து ஒரு பங்கை மிச்சம் வைக்கும் உறுதி இருப்பவர் அந்த நிலைக்கே வந்திருக்க மாட்டார். பங்கு பிரிக்கும் கை இன்னொருவருடையதாக இருக்க வேண்டும்.

பீடியில் கால் பங்கு எது?

புகையிலையைப் பற்றிச் சரகரிடம் கேட்கவே முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் நம் நாட்டில் பரவியது. 1617-இல் ஜஹாங்கீர் அதைத் தடை செய்ய முயன்று தோற்றார். தமிழிலோ சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனிடமே தூது அனுப்பிவிட்டார்! சரக சம்ஹிதையில் தூமபானம் என்ற புகை குடிக்கும் சிகிச்சை வருவது உண்மை. அது மூலிகைகளை அரைத்துத் திரியாக்கி, நெய் பூசிக் கொளுத்துவது. அதில் நிகோட்டின் கிடையாது. இதைக் காட்டி மூலிகை சிகரெட் விற்பவர்கள் உண்டு. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். அந்த வாயு பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். துளசி இலையிலிருந்து வந்ததா, புகையிலையிலிருந்து வந்ததா என்று ஹீமோகுளோபின் விசாரிப்பதில்லை.

நம் வட்டாரத்துக்குப் பீடி அந்நியமல்ல. தென்காசி, ஆலங்குளம், முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள், வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் விரல்களால் வாழ்கின்றன. ஒரு பீடியில் புகையிலைத் தூள் சுமார் கால் கிராம்கூட இராது. சிகரெட்டில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆகவே பீடி தீமை குறைந்தது என்று நினைப்பவர்கள் அநேகர். இயற்பியல் வேறு கதை சொல்கிறது. சிகரெட் தாளில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றுப் புகுந்து புகையைச் சற்று நீர்க்கச் செய்யும். பீடி இலையில் அப்படிக் காற்றுப் புகாது. உள்ளே சரியாக எரியாமல் அடிக்கடி அணையும். அணையாமல் காக்க வேகமாகவும் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். முற்றாக எரியாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு பெருகும். ஆகவே சிறிய பீடி, சிகரெட்டைவிடக் கூடுதல் நிகோட்டினையும் தாரையும் அந்த வாயுவையும் நுரையீரலுக்கு அனுப்புவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

கால் பங்கு விதி புகையில் இடறும் இடம் இதுதான். நாளொன்றுக்கு இருபது பீடி பிடிப்பவர் பதினைந்தாகக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் கால் பங்கு போயிற்று. ஆனால் தன்னை அறியாமலே மிச்சம் பதினைந்தையும் அடிவரை, ஆழமாக இழுக்கிறார். குருதியில் நிகோட்டின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. கஷாயத்தைக் கால் பங்கு அளக்கலாம். புகையை அப்படி அளக்க முடியாது.

2016-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை முடிவு வெளிவந்தது. சரகரை அறியாதவர்கள் நடத்திய, சரகரின் விதிக்கு மிக நெருங்கிய சோதனை அது. புகையை விட விரும்பிய 697 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு வாரங்களில் கால் பங்குக்குக் குறைத்துப் பிறகு விட வேண்டும். மற்றது குறித்த நாளில் ஒரேயடியாக விட வேண்டும். இரண்டுக்கும் நிகோட்டின் கலந்த மாற்று மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது படிப்படியாக விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேரும், ஒரேயடியாக விட்டவர்களில் 49 பேரும் புகையாமல் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து முறையே 15.5, 22. பின்னர் 2019-இல் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் இரு முறைக்கும் இடையே அவ்வளவு வேற்றுமை இல்லை என்றார்கள். எப்படியானாலும் ஒன்று தெளிவு. மதுவில் திடீர் நிறுத்தம் ஆபத்தாகலாம். புகையில் அந்த ஆபத்து இல்லை. எரிச்சல், பசி, மலச்சிக்கல், தூக்கக் கேடு, மனம் ஒருமைப்படாமை ஆகியவை வரும். முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். உயிருக்குக் கேடில்லை. குறைத்துத்தான் விடுவேன் என்பவர் முடிவு நாளைக் குறித்துவிட்டுக் குறைக்க வேண்டும். நாள் குறிக்காத குறைப்பு, வட்டி மட்டும் கட்டும் கடன்.

அளக்க முடியாத புகைக்குப் பதிலாக அளக்கக் கூடியதை வைத்ததுதான் இன்றைய மருத்துவம் செய்த காரியம். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டைகள் 21, 14, 7 மில்லி கிராம் என்று படியிறங்குகின்றன. மெல்லும் நிகோட்டின் கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வாரனிக்கிளின் என்ற மாத்திரையின் மூதாதையோ ஒரு தாவரச் சத்து. லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்திலிருந்து எடுக்கும் சைட்டிசின், மூளையில் நிகோட்டின் உட்காரும் நாற்காலியில் தான் அரைகுறையாக உட்கார்ந்துகொள்ளும். பல்கேரியாவில் 1964 முதலே இது புகையை விடும் மருந்தாக இருந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மருந்துகளில் இதுவும் ஒன்று. ஆகவே மூலிகை என்றாலே முகம் சுளிப்பதும் சரியன்று. நம் வயல் வரப்புகளில் களையாக மண்டும் நெய்ச்சிட்டிச் செடி (பூவாங்குருந்தல் என்றும் சொல்வார்கள்; ஆயுர்வேதத்தில் சகதேவி) தாய்லாந்தில் புகையை விடுவதற்கான மருந்தாக அந்நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியிருக்கிறது. புகையின் சுவையை அது கெடுத்துவிடுகிறது என்பது அங்குள்ள அனுபவம். இங்கே நாம் அதை மிதித்துக்கொண்டு போகிறோம்.

அரிஷ்டமும் ரகசியப் பொடியும்

கடைச் சரக்குக்கு வருவோம். அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் ஆயுர்வேத மருந்துகளெல்லாம் புளிக்க வைத்துச் செய்தவை. தாதகிப் பூவும் வெல்லமும் சேர்ந்து நொதித்து, அவற்றில் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு ஆல்ககால் தானாகவே உண்டாகும். மதாத்யயத்துக்கென்றே பேர்பெற்ற ஸ்ரீகண்டாசவமும் இதற்கு விலக்கல்ல. மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அது பழைய கால் பங்கு விதியின் ஒரு படியாகலாம். ஆனால் குடியை முற்றிலும் விட்டு ஒரு வருஷம் ஆனவர் பசிக்காக அரிஷ்டம் வாங்கிக் குடித்து, பழைய வழிக்கே திரும்பிவிட இடமுண்டு. டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவரோ அரிஷ்டத்தைத் தொடவே கூடாது.

அந்த மாத்திரையின் கதை சுவையானது. டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் குடல் புழுவுக்கு மருந்தாகுமா என்று அறியத் தாங்களே அதை விழுங்கிப் பார்த்தார்கள். பின்பு சிறிது மது அருந்தியபோதெல்லாம் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. ஈரல் ஆல்ககாலை அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றிப் பிறகு அதையும் சிதைக்கும். இரண்டாம் படியை இம்மருந்து அடைத்துவிடுகிறது, நஞ்சு தேங்குகிறது. 1948-இல் இதைக் குடிக்கு எதிரான மருந்தாக அறிவித்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து உண்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் உண்டவர் வழக்கம்போல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இருதயமே நின்றுவிடலாம்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரிலும் பேருந்திலும் விளம்பரம் செய்யும் பொடிகளைப் பற்றி எனக்குள்ள அச்சம் இதுதான். அதில் வெறும் மூலிகைத் தூள் இருந்தால் பணம் போயிற்று. வாந்தி எடுக்க வைக்கும் சக்தி உண்மையாகவே இருந்தால் அது இன்னும் மோசம். கண்ணீரோடு அந்தப் பொட்டலத்தை வாங்கும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கொடுத்தவர் கையாலேயே ஓர் உயிர் போக வழியுண்டு என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மற்ற மூலிகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுக்கு, ஏலம், கிராம்பு, சோம்பு, காய்ந்த நெல்லிக்காய் ஆகியவற்றை வாயில் அடக்கிக்கொள்வது நல்ல வழி. கைக்கும் வாய்க்கும் வேலை கிடைக்கும், ஏக்கத்தின் அலை சில நிமிஷங்களில் கடந்துவிடும். அமுக்கராவைத் தூக்கத்துக்காகக் கொடுப்பார்கள். அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. சீந்திலைச் சாப்பிட்டவர்களிடம் ஈரல் கோளாறு கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அதிமதுரம் அளவு மீறினால் குருதியில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். குடித்துக் குடித்து ஈரலும் பொட்டாசியமும் ஏற்கனவே நொந்திருப்பவர் இவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடாமல், படித்த ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்குத் தூரமில்லை. மூச்சுப் பயிற்சிக்கு ஓரளவு சான்று இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் குடியை நிறுத்தியவர்களுக்கு இரண்டு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்து, அவர்களது மனச்சோர்வு குறைந்ததாக 2006-இல் வெளியிட்டார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள்

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் நிகோட்டின் வந்து அமரும் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. புகையை நிறுத்தியபின் அவை புகையாதவர் அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது என்று மூளையைப் படமெடுத்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நாற்பத்தொரு நாள் என்பது ஆறு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. எவ்வளவு அருகில் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார் பாருங்கள்! மலையின் கடினமான ஏற்றமெல்லாம் ஏறியாயிற்று, உச்சி தெரிகிறது, அங்கேயிருந்து இறங்கிவிடுகிறார்.

உடம்பின் ஏக்கம் பெரும்பாலும் தணிந்துவிட்ட அந்த நாளில் அவரை இழுப்பது எது? அந்த நாற்பத்தொரு நாளும் அவருடைய வாழ்க்கையே வேறாக இருந்தது. நாலு மணிக்குக் குளியல், இருவேளை பூஜை, வேறு உடை, வேறு பேச்சு, "சாமி" என்று கூப்பிடும் ஊர். வாக்படர் சொன்ன இரண்டாம் பாதி, அதாவது எடுத்த இடத்தில் நல்லதை வைப்பது, தானாக நிறைவேறிக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றும்போது நல்லதெல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. தேநீர் டம்ளரும், தீப்பெட்டிச் சத்தமும், விசைத்தறியில் இரவு ஷிப்டு முடிந்து வரும் பழைய நண்பர்களும் மறுநாளே திரும்புகிறார்கள். தீயதைக் கால் காலாக விடச் சொன்ன விதியை விரதத்துக்குத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது: விரதத்தைக் கால் காலாகக் கழற்ற வேண்டும். விடியற்காலைக் குளியலையும் நடையையும் தை முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். மாலை போடாத நண்பர்களோடு தேநீர் குடிக்கும் நேரத்தை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில், மருந்தால் நஞ்சை இறக்கிய பிறகும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது இந்தப் பின்பகுதிக்காகத்தான்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் தொலைபேசியே போதும். புகையிலையை விட 1800-11-2356. மது, போதைப் பழக்கத்துக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. மூன்றும் இலவசம். மருத்துவரிடம் போகும்போது என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதோடு, என்ன லேகியம், என்ன அரிஷ்டம் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அண்ணாச்சியிடம் இந்த ஆறு வாரக் கணக்கைச் சொன்னேன். "அப்ப ஒரு நாள்தான் சார் பாக்கி" என்றார். ஒரு நாளல்ல, இன்னும் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்தார். அடுத்த வாரம் போனபோது பீடிக் கட்டு தொங்கும் ஆணி முகப்பில் இல்லை. கடையின் பின்சுவரில், உயரத்தில் அடித்திருந்தார். கேட்டவர்களுக்கு ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுத்துக் கொடுக்கிறார்.